சிட்னியின் இளஞ்சிவப்பு டெஸ்ட்டும் மெக்ராத் அறக்கட்டளையின் செவிலியர் சேவையும்: ஒரு மதிப்பீடு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சென்னையிலிருந்து அழைக்கும் உறவினர்களிடம் ‘பிங்க் டெஸ்ட்’ பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், விளக்கொளியில் இளஞ்சிவப்புப் பந்து கொண்டு ஆடும் பகலிரவு ஆட்டம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் நடக்கும் இந்த ஆட்டம் பகல் வெளிச்சத்தில், வெள்ளை உடையில், வழக்கமான சிவப்புப் பந்திலேயே ஆடப்படுகிறது. ஸ்டம்புகளும் விளம்பரப் பலகைகளும் ஆட்டக்காரர்களின் மட்டைப் பிடிகளும் பார்வையாளர்களின் தொப்பிகளும்தான் இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறத்தின் பின்னால் ஒரு செவிலியர் சேவை இருக்கிறது. 2025 ஜனவரியில் நடந்த பதினேழாவது இளஞ்சிவப்பு டெஸ்ட்டின் மூன்றாம் நாளுக்குச் சீட்டு வாங்கிப் போயிருந்தேன். அதற்கு முன்பே அந்தச் செவிலியர் சேவையை என் குடும்பம் அருகிலிருந்து பார்த்திருந்தது. இரண்டையும் சேர்த்து எடைபோட்டால்தான் இந்த மதிப்பீட்டுக்குப் பொருள் இருக்கும் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ராத்தைப் பந்து வீச்சாளராக அறியாத தமிழ் வாசகர் அரிது. 124 டெஸ்ட்டுகளில் 563 விக்கெட்டுகள் எடுத்து, 2007 ஜனவரியில் இதே சிட்னி மைதானத்தில், தம் கடைசி டெஸ்ட்டின் கடைசிப் பந்திலும் ஒரு விக்கெட்டை வீழ்த்திவிட்டு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பின்னர் நைன் தொலைக்காட்சியிலும் பிபிசி, ஏபிசி வானொலிகளிலும் வர்ணனையாளராகக் குரல் கொடுத்தவர். அவருடைய மனைவி ஜேன் இங்கிலாந்தில் பிறந்து, விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர். 1997இல், முப்பத்தொரு வயதில், அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து நோய் திரும்பி வந்தபோது, மார்பகப் பராமரிப்பில் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரின் துணை அவருக்குக் கிடைத்தது. அப்படி ஒருவர் ஊர், வசதி பாராமல் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கணவனும் மனைவியும் 2005இல் தொடங்கியதுதான் மெக்ராத் அறக்கட்டளை. ஜேன் 2008 ஜூன் 22 அன்று நாற்பத்திரண்டு வயதில் காலமானார். ஏழு மாதங்களுக்குள், 2009 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஆட்டம் முதல் இளஞ்சிவப்பு டெஸ்ட்டாக நடந்தது.

மைதானத்துக்குப் போவது எளிது. மேற்குப் புறநகரில் டூங்காபி, பெண்டில் ஹில், ஹோம்புஷ் பக்கம் இருப்பவர்கள் காரை எடுக்கவே வேண்டாம். ரயிலில் சென்ட்ரல் வந்து, சால்மர்ஸ் தெரு நிறுத்தத்தில் லைட் ரயில் ஏறினால் மூர் பார்க்கில் இறங்கி நடந்துவிடலாம். நாங்கள் ஏறிய பெட்டியில் பாதிப் பேர் இந்திய நீலத்திலும் பாதிப் பேர் இளஞ்சிவப்பிலும் இருந்தார்கள். நீலச் சட்டை போட்டு இளஞ்சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்ட ஒரு பாட்டியும் இருந்தார். நிழல் வேண்டுமென்றால் சீட்டு எடுக்கும்போதே எந்தப் பக்கம் என்று பார்த்து எடுக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. ஜனவரி வெயில் முகத்தில் அறைந்ததற்கு என்னைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

மூன்றாம் நாளுக்கு ‘ஜேன் மெக்ராத் நாள்’ என்று பெயர். மைதானத்தின் பழமையான மகளிர் மாடம் அன்று ஒரு நாள் ஜேன் மெக்ராத் மாடம் என்று பெயர் மாற்றம் பெறுகிறது. நான் மிகவும் எதிர்பார்த்துப் போன நிகழ்ச்சி ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு நடப்பது. எல்லைக் கோட்டருகே மெக்ராத் இளஞ்சிவப்புக் கோட்டுடன் நிற்க, ஆட்டக்காரர்கள் வரிசையில் வந்து கையெழுத்திட்ட இளஞ்சிவப்புத் தொப்பிகளை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உரை இல்லை, மேடை இல்லை. ஆறு அடிக்கும் மேல் உயரமான மனிதர் தொப்பிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடுத்ததை வாங்க ஒரு கையை விடுவிக்கத் திண்டாடுகிறார். தொலைக்காட்சியில் பல முறை பார்த்த காட்சிதான் என்றாலும், நேரில் அரங்கம் அடங்கிப் போய் அந்தத் திண்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு அனுபவம்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இந்திய ரசிகனாகச் சொல்லவும் விருப்பமில்லை. இரண்டாம் இன்னிங்ஸில் 157 ஓட்டங்களுக்குள் இந்தியா சுருண்டது. ஆஸ்திரேலியாவின் போலண்ட் 45 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். முதுகுப் பிடிப்பால் பும்ரா பந்து வீசவே வரவில்லை. தேநீர் இடைவேளைக்கு முன்பே ஆஸ்திரேலியா ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வெல்ல, ஆட்டம் முடிந்துபோனது. ஐந்து நாள் ஆட்டத்தின் மூன்றாம் நாளுக்கு முழுக் கட்டணம் கொடுத்தவர்கள் பிற்பகலிலேயே லைட் ரயிலுக்கு வரிசையில் நின்றோம். ஆனால் ஒரு காட்சி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. பிரசித் கிருஷ்ணா அன்று கோன்ஸ்டாஸ், லபுஷேன், ஸ்மித் மூவரையும் வெளியேற்றினார். பத்தாயிரம் டெஸ்ட் ஓட்டங்களுக்கு ஒரே ஓட்டம் குறைவாக, 9,999இல் ஸ்மித் திரும்பி நடந்தார். அந்தப் பிரசித் சென்னை எம்ஆர்எஃப் வேகப்பந்து மையத்தில் பயின்றவர். டென்னிஸ் லில்லிக்குப் பிறகு 2012இலிருந்து அந்த மையத்தின் பயிற்சி இயக்குநராக இருப்பவர் மெக்ராத்தான். தம் மனைவி பெயரில் நடக்கும் நாளில், சேத்துப்பட்டு மைதானத்தில் தாம் திருத்திய பையன் தம் நாட்டு அணியின் மூன்று விக்கெட்டுகளைச் சாய்ப்பதை அவர் எந்த முகத்தோடு பார்த்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வர்ணனையாளராக மெக்ராத்தை நான் உயர்வாக மதிப்பிட மாட்டேன். ரிச்சி பெனோ, மைக்கேல் ஹோல்டிங் போன்ற வர்ணனையாளர்களில் முன்னவரின் மௌனமும் பின்னவரின் குரலும் கேட்டு வளர்ந்த காதுக்கு அவர் பேச்சு சற்று வறண்டது. இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடர் தொடங்கும்போதெல்லாம் ஆஸ்திரேலியா 5-0 என்று வெல்லும் என்பார். அது ஒரு சடங்கு போல ஆகிவிட்டது. இருந்தாலும் ஒலிபரப்பாளர் என்ற இடத்தை அறப்பணிக்கு அவர் பயன்படுத்தும் விதத்தில் ஒரு நேர்த்தி இருக்கிறது. அவர் ஒருபோதும் ‘புற்றுநோயை ஒழிப்போம்’ என்று முழங்குவதில்லை. ஒரு செவிலியர், இன்னும் ஒரு செவிலியர் என்று எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறார். வானொலிப் பெட்டியில் அமர்ந்தாலும் சரி, தொலைக்காட்சி நேர்காணலில் நின்றாலும் சரி, இருபது ஆண்டுகளாக அதே சொற்கள்தான். ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே ஒரே இடத்தில் பந்தைப் போட்டுப் போட்டு மட்டையாளரைச் சலிக்க வைத்தவருக்கு இது இயல்பாகவே வந்திருக்கலாம்.

இனி செவிலியர் சேவை. ஆட்டத்தைவிட இதைப் பற்றியே எழுத எனக்குத் தகுதி அதிகம்.

என் சித்தியும் சித்தப்பாவும் நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில், சிட்னியிலிருந்து ஐந்து மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ள ஒரு சிறிய ஊரில் இருக்கிறார்கள். அங்கே தமிழ் பேசும் வீடு இன்னொன்று இல்லை. சித்திக்கு மார்பகத்தில் கட்டி கண்டறியப்பட்ட வாரத்தில் நாங்கள் எல்லாரும் செய்தது ஒன்றே: ஆளாளுக்கு இணையத்தில் தேடி, ஆளாளுக்கு ஒன்று சொல்லி, அவரை மேலும் குழப்பினோம். அறுவை மருத்துவர் பதினைந்து நிமிடங்களில் சொன்ன ஏழெட்டுச் சொற்களில் சித்தி நினைவில் வைத்திருந்தவை இரண்டு. அந்த நிலையில்தான் அவ்வூர்ப் பொது மருத்துவமனையில் பணியாற்றும் மெக்ராத் செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. மருத்துவரின் பரிந்துரைக் கடிதம்கூடத் தேவையில்லை. நோயாளியோ குடும்பத்தாரோ தாமே தொடர்பு கொள்ளலாம். இந்த இரண்டும் எங்களுக்கு அதுவரை தெரியாது. எனவே இதைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

முதல் சந்திப்பில் அந்தச் செவிலியர் ஒரு வெள்ளைத் தாளில் படம் வரைந்தார். கட்டி எங்கே, எதை எடுப்பார்கள், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை ஏன் சோதிப்பார்கள், முடிவு வர ஏன் நாளாகும் என்று பேனா முனையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். அதன் பிறகு கேட்ட கேள்விகள்தான் எனக்கு வியப்பாக இருந்தன. வீட்டில் யார் சமைக்கிறார்கள், அரிசி மூட்டையை யார் தூக்குகிறார்கள், பாத்திரங்களை எந்த உயரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். அறுவைக்குப் பின் சில வாரங்கள் அந்தப் பக்கத்துக் கையை எவ்வளவு உயர்த்தலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்பதற்கு இந்தக் கேள்விகள் எல்லாம் அடிப்படை என்று பிறகுதான் விளங்கியது. தோசைக்கல்லும் பெரிய குக்கரும் மேல் தட்டிலிருந்து கீழே இறங்கின. சித்தப்பா இறக்கி வைத்தார். திருமணமாகி முப்பது ஆண்டுகளில் சமையலறைத் தட்டுகளை அவர் முழுதாகப் பார்த்தது அன்றுதான் என்று சித்தி இன்றும் கேலி செய்வார்.

அறுவை முடிந்து வீடு திரும்பும்போது, காயத்திலிருந்து நீர் வடியும் குழாயும் அதன் முனையில் ஒரு சிறிய குப்பியும் உடலோடு இருந்தன. அதை எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பது? தன்னார்வலர்கள் தைத்துக் கொடுத்த பூப்போட்ட துணிப்பை ஒன்றைச் செவிலியர் தந்தார். தோளில் மாட்டிக்கொண்டால் குப்பி அதற்குள் அடங்கிவிடும். பால் வாங்கப் போகிறவளைப் போல இருக்கிறது என்றார் சித்தி. அந்த வாரத்தில் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. தோள் இறுகிவிடாமலிருக்கச் சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டு போல மேலே மேலே நகர்த்தும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். சித்தப்பா சமையலறைச் சுவரில், விரல் எட்டிய இடத்தில் நாள்தோறும் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினார். குழந்தைகளின் உயரத்தைக் குறிப்பதைப் போல அந்தக் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. ஒரு வாரம் மட்டும் ஏறவில்லை. அதைப் படம் எடுத்து அனுப்பியதும் செவிலியர் அழைத்து, வலியைப் பற்றி விசாரித்து, இயன்முறை மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார்.

கீமோதெரபி தொடங்கும் முன்பு அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைச் சித்தப்பா குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டினார்: உடல் வெப்பம் 38 டிகிரியைத் தொட்டால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு நல்ல சேவையின் அடையாளமாக நான் கருதுவது இதைத்தான். தன்னால் எது முடியும் என்பதைப் போலவே, எது தன் வேலை இல்லை என்பதையும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. மெக்ராத் செவிலியர் மருத்துவர் அல்லர், இருபத்துநான்கு மணி நேர உதவி எண்ணும் அல்லர். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையில், யாரும் பொறுப்பெடுத்துக்கொள்ளாத நீண்ட வெளியில் கூட நடக்கிறவர். ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண்ணான 131450 மூலம் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மருத்துவமனைச் சந்திப்பு என்றால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. மகனோ மகளோ மொழிபெயர்ப்பார்கள் என்று விட்டுவிட வேண்டாம். நோயின் பெயரைத் தாயிடம் உச்சரிக்கும் கட்டத்தில் பிள்ளைகள் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். நானே விழுங்கியிருக்கிறேன்.

இந்தச் செவிலியரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் மைதானத்தில் நடக்கும் ஆரவாரத்தின் உண்மையான பயன் புரியும். நாம் கொடுக்கும் நன்கொடையோடு அரசின் நிதியும் அதில் கலந்திருக்கிறது. 2023இல் ஆஸ்திரேலியக் கூட்டரசு நான்கு ஆண்டுகளுக்கு 16 கோடியே 60 லட்சம் டாலரை இந்தச் செவிலியர் சேவையும் அடங்கிய புற்றுநோய்ச் செவிலியர், வழிகாட்டல் திட்டத்துக்கு ஒதுக்கியது. நாடு முழுவதும் 250 செவிலியர் என்பது அப்போதைய இலக்கு. மார்பகப் புற்றுநோயோடு நின்றிருந்த சேவை அதன் பிறகு எல்லா வகைப் புற்றுநோய்க்கும் விரிந்தது. இருபது டாலர் கொடுக்கும் ரசிகர்கள் எத்தனை பேர் கூடினாலும் இந்தத் தொகையை எட்டுவது கடினம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை அந்த ரசிகர்கள் நிறைந்த அரங்கம் தொலைக்காட்சியில் இளஞ்சிவப்பாகத் தெரியாமல் இருந்திருந்தால், எந்த நிதியமைச்சரும் கிராமத்து மருத்துவமனையின் செவிலியர் பணியிடத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகள் நினைவு வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. மக்களுக்காகப் பரிந்து பேசுவது என்றால் அது இப்படித்தான் வேலை செய்கிறது: மெதுவாக, சலிக்காமல், ஒரே கோரிக்கையுடன்.

அந்த இருபது டாலர் விஷயத்துக்கு வருகிறேன். நோய்த்தொற்றுக் காலத்தில், 2021 ஜனவரியில், மைதானத்துக்குள் சிறு கூட்டமே அனுமதிக்கப்பட்டது. முதுகு வலியோடு அஸ்வின் 128 பந்துகளையும், தொடைத் தசை கிழிந்த விஹாரி 161 பந்துகளையும் தாக்குப்பிடித்துத் தோல்வியைத் தவிர்த்தார்களே, அதே ஆட்டம்தான். காலி இருக்கைகளை அறக்கட்டளை ‘மெய்நிகர் இருக்கை’ என்று விற்றது. உட்கார முடியாத இருக்கைக்கு இருபது டாலர். 30 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. கட்டாயத்தில் பிறந்த அந்த உத்தி இப்போது ஆண்டுதோறும் தொடர்கிறது. என் கருத்தில் இந்த டெஸ்ட்டோடு தொடர்புடைய எல்லாப் பொருள்களிலும் வாங்கத் தகுந்தது இதுதான். நிழலும் தேவையில்லை, வரிசையும் இல்லை.

மற்ற இளஞ்சிவப்புப் பொருள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜனவரி நெருங்கினால் கடைகளில் குப்பி, குடை, காலுறை என்று எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடுகின்றன. ஒரு கடையில் ரிப்பன் சின்னம் பொறித்த தண்ணீர்க்குப்பி ஒன்றை ஆசையோடு வாங்கி வந்து, வீட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விலையில் எவ்வளவு, யாருக்குப் போகிறது என்று ஓர் எழுத்துகூட இல்லை. நிறம் மட்டும் கடன் வாங்கியது. அறக்கட்டளைக்கே நேரடியாகக் கொடுப்பவர்களுக்குத்தான் கொடுத்தது போய்ச் சேர்ந்தது என்ற உறுதி உண்டு. நன்கொடையாகக் கொடுத்தால் வரிக் கணக்கிலும் காட்டலாம், சட்டையும் தொப்பியும் வாங்கியதைக் காட்ட முடியாது.

வர்ணனைப் பெட்டியிலிருந்து அறப்பணிக்கு வந்தவர்கள் வேறு பலரும் உண்டு. இங்கிலாந்து அணியின் முன்னாள் தலைவர் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் தம் மனைவி ரூத்தை 2018 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோய்க்கு இழந்தார். ரூத் புகைபிடிக்காதவர். அடுத்த ஆகஸ்டிலேயே லார்ட்ஸ் மைதானத்தைச் சிவப்பாக்கிய ஸ்ட்ராஸ், சிட்னியின் முன்மாதிரியை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டவர். சுனில் கவாஸ்கர் வேறு வழியில் செல்கிறார். பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தைகளின் அறுவைச் செலவை ஏற்கும் அமைப்புக்காக நிதி திரட்டும் அவர், இந்தியாவுக்காகத் தாம் அடித்த 35 சதங்களின் நினைவாக 35 குழந்தைகளின் அறுவைக்குத் தாமே பொறுப்பேற்றார். மெக்ராத்தின் முறையோடு ஒப்பிட்டால் இதில் அரசை இழுத்து வரும் அம்சம் குறைவு, ஆனால் பணம் போன இடம் பெயரோடும் முகத்தோடும் தெரிகிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், நோய் வந்த பின் ஒருவரைக் காப்பாற்றுவதற்குக் கவாஸ்கர் வழியும், நிரந்தரமாக ஒரு பணியிடத்தை உருவாக்குவதற்கு மெக்ராத் வழியும் என்பேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் அரங்கில் நிறமும் இசையும் நிறைந்திருக்க, ‘நீங்கள் எப்போது சோதித்துக்கொண்டீர்கள்’ என்ற கேள்வி நம் பெண்களின் காதில் அழுத்தமாக விழ வேண்டும் என்பது என் ஆசை. ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயது வரையிலான பெண்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மார்பக எக்ஸ்ரே இலவசம். 40 வயதைத் தாண்டியவர்களும் கேட்டுச் செய்துகொள்ளலாம். எங்கள் வரிசையில் அமர்ந்திருந்த நான்கு தமிழ்க் குடும்பங்களில், இளஞ்சிவப்புத் துண்டு கட்டியிருந்த அக்காமார்களிடம் என் மனைவி இதைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். வீட்டுக்கு வந்த அழைப்புக் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருப்பதாக இருவர் சொன்னார்கள். ஒருவர் அங்கேயே தொலைபேசியை எடுத்து நேரம் குறிக்க முயன்றார். ஞாயிற்றுக்கிழமை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திங்கள் காலை குறித்துவிட்டதாகப் பிறகு செய்தி அனுப்பினார்.

சிகிச்சை முடிந்து சித்தி இப்போது நலமாக இருக்கிறார். அந்த டெஸ்ட்டுக்கு முந்தைய வாரம் அவர் பெயரில் ஒரு மெய்நிகர் இருக்கை வாங்கி, சான்றிதழைத் தொலைபேசியில் அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

“ஏண்டா, உட்கார முடியாத நாற்காலிக்கு இருபது டாலரா?”

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சற்று நேரம் பேச்சில்லை.

“சரி, வெயில் படாத பக்கமா பார்த்துத்தானே வாங்கின?”